அவன் மன்னிப்புக் கேட்டால் நான் என்ன செய்யணும்?

அக்கா வீட்டுப் பூட்டை உடைத்துத் திருடியவன் பிடிபட்டுவிட்டான் என்று போலீஸிலிருந்து போன் வந்தபோது எங்கள் எல்லோருக்கும் நிம்மதியாக இருந்தது, அக்காவைத் தவிர. பையனுக்குப் பதினாறு வயது. லேப்டாப் திரும்பக் கிடைத்தது, கேமரா கிடைக்கவில்லை. வழக்கு சிறார் நீதிமன்றத்துக்குப் போனது. அவன் பெயர், முகம், படிக்கும் பள்ளி எதையும் வெளியே சொல்லக்கூடாது என்பது விதி. பதினாறு வயதில் செய்த ஒரு காரியம் நாற்பது வயதிலும் ஒருவனைத் துரத்தக்கூடாது என்பதால் அந்த விதியை நான் முழுசாக ஆதரிக்கிறேன். அக்காவும் அப்படித்தான். ஆனால் அவளுக்கு ஒரு கேள்வி மிச்சமிருந்தது: "நாங்க வெளியூர் போயிருக்கோம்னு அவனுக்கு எப்படித் தெரியும்?"

போலீஸுக்கு இந்தக் கேள்வி தேவைப்படவில்லை. பையன் ஒப்புக்கொண்டுவிட்டான், பொருளில் பாதி கிடைத்துவிட்டது, அதோடு ஃபைலை மூடிவிட்டார்கள். நீதிமன்றத்துக்கும் தேவைப்படவில்லை. அந்த வீட்டில் தினமும் படுத்து எழுந்திருக்க வேண்டியவளுக்கு மட்டும்தான் தேவைப்பட்டது. பின் அறை அலமாரியில் கீழ்த்தட்டை மட்டும் கலைத்துப் போட்டிருந்தான், மேல்தட்டில் இருந்த பெட்டியைத் தொடவே இல்லை. அது எப்படி? தெரிந்தவர்கள் யாரோ சொல்லித்தான் வந்திருக்கிறான் என்று அக்கா முடிவு கட்டினாள். குழாய் ரிப்பேருக்கு வந்தவரில் தொடங்கி எதிர்வீட்டுப் பையன்வரை ஒவ்வொருவராக அவள் சந்தேகப் பட்டியலில் ஏறி இறங்கினார்கள். எதிர்வீட்டாரோடு பேச்சு குறைந்து, பிறகு நின்றே போனது. பதில் தெரிந்த ஒரே ஆள் அந்தப் பையன். அவனிடம் கேட்க எந்த வழியும் இல்லை.

மறுசீரமைப்பு நீதியைப் பற்றி நான் அப்போதுதான் மும்முரமாகப் படித்துக்கொண்டிருந்தேன். அதனால் உற்சாகமாக எடுத்துச் சொன்னேன். சில நாடுகளில் பாதிக்கப்பட்டவரையும் தப்புச் செய்த பையனையும் ஒரே அறையில் உட்கார வைத்துப் பேச விடுகிறார்கள், நடுவில் பயிற்சி பெற்ற ஒருவர் இருப்பார், பையன் நேருக்கு நேர் மன்னிப்புக் கேட்பான் என்று. அக்கா பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னாள்: "அவன் மன்னிப்புக் கேட்டா நான் என்ன செய்யணும்? பரவாயில்லப்பான்னு சொல்லணுமா? அதுக்கு நான் எதுக்கு அங்க போகணும்?"

எனக்குப் பதில் சொல்ல வரவில்லை. அதற்குப் பிறகு இந்தச் சந்திப்புகளைப் பற்றி எதைப் படித்தாலும் அந்தக் கேள்வி குறுக்கே வந்து நிற்கிறது. இந்தச் சந்திப்புகளைப் புகழ்ந்து எழுதப்படும் கதைகள் முக்கால்வாசி ஒரே மாதிரி முடிகின்றன. பையன் உடைந்து அழுகிறான், பாதிக்கப்பட்டவர் அவன் தோளைத் தொடுகிறார், அறையில் எல்லோர் கண்ணிலும் நீர். அந்தக் கதையில் பாதிக்கப்பட்டவருக்குக் கொடுக்கப்பட்டிருக்கும் வேலை என்ன? பையனின் கதையை நல்லபடியாக முடித்துவைப்பது. பேருந்தில் காலை மிதித்தவர் சாரி சொன்னால் வலி இருந்தாலும் பரவாயில்லை என்று வாய் தானாகச் சொல்லிவிடும். அதே கட்டாயத்தை, அவன் அம்மா அழுதுகொண்டிருக்க, நான்கைந்து பேர் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்க, வீட்டை இழந்த மாதிரி உணரும் ஒரு மனுஷியின் மேல் வைத்தால்? மன்னிக்காமல் எழுந்து போனால், சந்திப்பைக் கெடுத்தவர் அவர் என்றாகிவிடும்.

நோட்டுப்புத்தகத்தோடு போனவர்கள்

இந்தத் துறையில் எல்லோரும் தொடக்கமாகச் சொல்வது கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் எல்மைரா என்ற சிற்றூரில் 1974-இல் நடந்ததை. இரண்டு இளைஞர்கள் ஒரே இரவில் குடித்துவிட்டு 22 இடங்களில் சேதம் செய்தார்கள். கார் டயர்களைக் கிழித்தார்கள், கண்ணாடிகளை உடைத்தார்கள். தண்டனைக்கு முன்னால், அந்த வழக்கைப் பார்த்த நன்னடத்தை அலுவலர் நீதிபதியிடம் ஒரு யோசனை சொன்னார்: இவர்கள் பாதிக்கப்பட்டவர்களை நேரில் போய்ப் பார்த்தால் என்ன? நீதிபதி ஒத்துக்கொள்வார் என்று யோசனை சொன்னவருக்கே நம்பிக்கை இல்லை. ஆனால் ஒத்துக்கொண்டார். இளைஞர்கள் கதவு கதவாகத் தட்டினார்கள். அலுவலரும் இன்னொருவரும் பின்னால் நோட்டுப்புத்தகத்தோடு நின்றார்கள். யாருக்கு எவ்வளவு நஷ்டம் என்று கணக்கு எழுதி, சில மாதங்களில் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். அவர்களில் ஒருவரான ரஸ் கெல்லி பிற்காலத்தில் தன் பெயரைச் சொல்லியே இந்தக் கதையைப் பொதுமேடைகளில் பேசினார், இதே துறையில் தன்னார்வலராகவும் இருந்தார்.

இதை மன்னிப்புக் கதையாகச் சொல்பவர்கள் அந்த நோட்டுப்புத்தகத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். போன வேலை கணக்குப் பார்ப்பது. உனக்கு என்ன உடைந்தது, காப்பீட்டில் எவ்வளவு வந்தது, கையிலிருந்து எவ்வளவு போனது. எனக்கு அது பிடித்திருக்கிறது. கணக்குக் கேட்டு வருபவனிடம் பரவாயில்லை என்று சொல்ல வேண்டிய அவசியம் இல்லை, தொகையைச் சொன்னால் போதும். ஆனால் இன்னொரு பக்கமும் உண்டு. உன் கார் டயரைக் கிழித்தவன், முன்னறிவிப்பே இல்லாமல் உன் வீட்டு மணியை அடிக்கிறான்! இன்றைக்கு இந்தச் சந்திப்புகளை நடத்தும் எந்த ஒருங்கிணைப்பாளரும் இதைச் செய்ய மாட்டார். பாதிக்கப்பட்டவரைத் தனியாகப் பார்த்து, என்ன வேண்டும், யார் கூட இருக்க வேண்டும், எங்கே உட்கார வேண்டும், எது பேசக்கூடாது என்றெல்லாம் கேட்ட பிறகுதான் சந்திப்பு. பையன் குற்றத்தை ஒப்புக்கொண்டிருக்க வேண்டும் என்பது அதற்கும் முந்தைய நிபந்தனை. அது இல்லையென்றால், பாதிக்கப்பட்டவர் தன்னையே நிரூபிக்க வேண்டிய இன்னொரு கோர்ட்டாக அந்த அறை மாறிவிடும்.

யார் முதலில் பேசுவது

1991-இல் ஆஸ்திரேலியாவின் வாகா வாகா என்ற ஊரில் டெர்ரி ஓ'கானல் என்ற போலீஸ் சார்ஜென்ட் இந்தச் சந்திப்புகளுக்கு ஒரு கேள்வி வரிசை வைத்துக்கொண்டார். பல நாடுகள் அதிலிருந்து எடுத்துக்கொண்டவைதான் இன்றும் ஓடுகின்றன. முதல் கேள்வி பையனுக்கு: என்ன நடந்தது? அடுத்தது, அப்போது என்ன நினைத்துக்கொண்டிருந்தாய்? அதற்குப் பிறகு என்ன நினைத்தாய்? இதனால் யார் யார் பாதிக்கப்பட்டார்கள், எப்படி? ஏன் செய்தாய் என்ற கேள்வி இந்த வரிசையில் கிடையாது. ஏன் என்று கேட்டால் பதினாறு வயதுக்காரன் தோளைக் குலுக்குவான், அல்லது சாக்குச் சொல்வான். என்ன நடந்தது என்று கேட்டால் கதவிலிருந்து தொடங்குவான். பாதிக்கப்பட்டவரின் முறை அதற்குப் பிறகுதான்.

முதலில் பார்த்தபோது இந்த வரிசை எனக்கு அநியாயமாகப் பட்டது. அடிபட்டவர்தானே முதலில் பேச வேண்டும்? ஆனால் அக்காவின் இடத்திலிருந்து யோசித்தால் சரியாகத்தான் இருக்கிறது. அவள் வாயைத் திறப்பதற்கு முன்பே, நான்தான் செய்தேன், இப்படிச் செய்தேன் என்று அவன் தன் வாயால் சொல்லியாக வேண்டும். முன் பக்கமாக வந்தேனா, பின் பக்கமாக வந்தேனா, உள்ளே எவ்வளவு நேரம் இருந்தேன், எந்த அலமாரியைத் திறந்தேன், ஏன் பாதியில் விட்டேன். யாரும் சொல்லி அனுப்பவில்லை, தெருவில் போனேன், வாசலில் செய்தித்தாள் நாலு நாளாகக் கிடந்தது, அவ்வளவுதான் என்று அவன் சொல்லியிருக்கலாம். மேல்தட்டைத் தொடாததற்குக் காரணம், வெளியே ஏதோ சத்தம் கேட்டுப் பயந்து ஓடியதாகவும் இருக்கலாம். எனக்குத் தெரியாது. ஆனால் அப்படி ஒரு சப்பையான பதில் கிடைத்திருந்தால் எதிர்வீட்டாரோடு பேச்சு நின்றிருக்காது என்பது மட்டும் தெரியும்.

நார்வேயின் குற்றவியலாளர் நில்ஸ் கிறிஸ்டி 1977-இல் எழுதிய கட்டுரையில், பாதிக்கப்பட்டவர் இரண்டு தடவை தோற்கிறார் என்று வாதிட்டார். முதலில் குற்றம் செய்தவனிடம். அப்புறம் அரசிடம், ஏனென்றால் அவருடைய சொந்த வழக்கை அரசும் வக்கீல்களும் எடுத்துக்கொண்டு அவரை வெளியே நிறுத்திவிடுகிறார்கள். இரண்டாவது தோல்வியைத்தான் இந்தச் சந்திப்புகள் சரிசெய்யப் பார்க்கின்றன. நான் இப்போது பயப்படுவது மூன்றாவது தோல்விக்கு. திரும்பக் கூப்பிட்டு உள்ளே உட்கார வைத்துவிட்டு, பையன் திருந்துவதற்கான கருவியாக அவரைப் பயன்படுத்திக்கொள்வது.

61-க்கும் 27-க்கும் நடுவே

தெற்கு ஆஸ்திரேலியாவில் 1990-களின் கடைசியில் கேத்லீன் டேலி என்ற ஆய்வாளர் இளைஞர் சந்திப்புகளைப் பின்தொடர்ந்தார். பிறகு இரண்டு பக்கத்தையும் தனித்தனியாகக் கேட்டார். உண்மையிலேயே வருந்தியதால்தான் மன்னிப்புக் கேட்டேன் என்று சொன்ன இளைஞர்கள் 61 சதவீதம். அவன் உண்மையிலேயே வருந்தினான் என்று நம்பிய பாதிக்கப்பட்டவர்கள் 27 சதவீதம். ஒரே அறை, ஒரே மேஜை, ஒரே சாரி.

இதில் யார் பொய் சொல்கிறார்கள் என்று தேடுவது வீண் வேலை என்று நினைக்கிறேன். வழக்குகளில் சிக்கும் பையன்களின் பேச்சுத்திறனைப் பற்றி ஆஸ்திரேலியாவில் நடந்த ஆய்வுகளில், கிட்டத்தட்டப் பாதிப் பேருக்கு மொழியைப் புரிந்துகொள்வதிலோ பயன்படுத்துவதிலோ கணிசமான குறைபாடு இருப்பது தெரிந்தது. வீட்டிலோ பள்ளியிலோ யாரும் கவனிக்காமல் விட்ட குறைபாடு. அப்படிப்பட்ட ஒருவனைப் பெரியவர்கள் நடுவே உட்கார வைத்து, உன் செயலால் இவர்களுக்கு ஏற்பட்ட பாதிப்பைப் பற்றி நீ என்ன உணர்கிறாய் என்று கேட்டால் என்ன வரும்? தரையைப் பார்ப்பான். ம் என்பான். சட்டையின் விளிம்பைத் திருகுவான். சாரி என்ற ஒற்றைச் சொல் பாதி விழுங்கப்பட்டு வரும். அவனுக்கு அது உடம்பே நடுங்கும் தருணமாக இருக்கலாம். எதிரே இருப்பவர் கண்ணுக்குத் திமிர். கண்ணைப் பார்த்துச் சரளமாக, அழகாக வருத்தம் தெரிவிக்கத் தெரிந்தவன் தப்பித்துக்கொள்வான், அவன் எவ்வளவு உணர்ந்தான் என்பது வேறு விஷயம். மன்னிப்பை உச்சக்கட்டமாக வைத்தால் இந்தச் சந்திப்பு ஒரு பேச்சுப்போட்டியாகிவிடுகிறது. "எந்த வழியாக வந்தாய்?" என்ற கேள்விக்கோ அவ்வளவு மொழி தேவையில்லை. ஒரு வரைபடம் போட்டுக்கூடக் காட்டிவிடலாம்.

அதற்காக மன்னிப்பு வேண்டாம் என்று நான் சொல்லவரவில்லை. 1995 முதல் 2000 வரை ஆஸ்திரேலியத் தலைநகர் கான்பெராவில், ஒப்புக்கொண்ட வழக்குகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியை நீதிமன்றத்துக்கும் மறுபாதியைச் சந்திப்புக்கும் அனுப்பிப் பார்த்தார்கள். பாதிக்கப்பட்டவர்களைப் பற்றிய பகுதியை ஹெதர் ஸ்ட்ராங் ஆராய்ந்தார். வன்முறைக்கு ஆளானவர்களிடம், வாய்ப்புக் கிடைத்தால் அவனைத் திருப்பி அடிப்பீர்களா, தீங்கு செய்வீர்களா என்று கேட்டபோது நீதிமன்றத்துக்குப் போனவர்களில் 45 சதவீதம் பேர் ஆமாம் என்றார்கள். சந்திப்புக்கு ஒதுக்கப்பட்டவர்களில் 9 சதவீதம். இந்த இறக்கம் சாதாரணமில்லை. தன்னிடம் அவன் மன்னிப்புக் கேட்டான் என்று சொன்னவர்களும் சந்திப்பில் நீதிமன்றத்தைவிடப் பல மடங்கு அதிகம். ஆனால் பழிவாங்கும் எண்ணம் கரைந்ததற்கு அந்தச் சொல்தான் முழுக் காரணம் என்று எனக்குத் தோன்றவில்லை. மாதக்கணக்காக மனசுக்குள் ஏழடி உயரத்துக்கு வளர்ந்து நின்றவன், பரு முகமும் தொளதொளப்பான சட்டையுமாக நேரில் வந்து உட்கார்ந்தால் பயத்தில் பாதி அங்கேயே காலியாகிவிடும். பயம் போனால் ஆத்திரத்துக்கும் பிடி இல்லை.

அதே கான்பெராவில் இன்னும் இரண்டு விஷயங்கள் தெரியவந்தன, அவற்றைப் புகழ்ச்சிக் கட்டுரைகளில் அதிகம் பார்க்க முடியாது. சந்திப்பு நடக்கும் என்று சொல்லப்பட்டு, பிறகு நடக்காமல் போனவர்கள் மிகவும் கசந்துபோனார்கள். ஆசை காட்டி ஏமாற்றுவது, ஒன்றுமே சொல்லாமல் இருப்பதைவிட மோசம். மற்றொன்று, திருட்டு வழக்குகளில் சந்திப்புக்கு அனுப்பப்பட்ட பூர்வகுடி இளைஞர்கள் பிறகு கைதானது குறையவில்லை, கூடியது. அங்கே சந்திப்பை நடத்தியவர்கள் போலீஸ்காரர்கள். தலைமுறை தலைமுறையாகப் போலீஸிடம் அடிபட்ட ஒரு சமூகத்துப் பையனிடம், போலீஸ்காரர் நடத்தும் வட்டத்தில் உட்கார்ந்து மனம் திறந்து பேசு என்பது எந்த ஊர் நியாயம்? யார் நடத்துகிறார்கள் என்பது நாற்காலிகளை எப்படிப் போடுகிறார்கள் என்பதைவிட முக்கியம்.

இரண்டு கடிகாரங்கள்

நியூசிலாந்து 1989-இல் கொண்டுவந்த சட்டம்தான் இந்த விஷயத்தில் மிகப் பெரிய பாய்ச்சல். அந்நாட்டுப் பூர்வகுடிகளான மாவோரிகளின் குழந்தைகளை அரசு அவர்கள் குடும்பங்களிலிருந்து பிரித்துக்கொண்டே இருந்ததற்கு எதிரான நீண்ட கோபம் அந்தச் சட்டத்துக்குப் பின்னால் இருந்தது. அதனால் அங்கே முடிவெடுக்கும் இடம் குடும்பக் குழுக் கூட்டம். பையன், அவன் சொந்தபந்தம், போலீஸ், பாதிக்கப்பட்டவர் எல்லோரும் உட்கார்ந்து என்ன செய்யலாம் என்று பேசி முடிவுசெய்கிறார்கள். பாதிக்கப்பட்டவருக்கு வரும் உரிமை உண்டு, கட்டாயமில்லை.

ஆரம்ப வருடங்களில் கேப்ரியல் மேக்ஸ்வெல்லும் அலிசன் மாரிஸும் செய்து 1993-இல் வெளியான ஆய்வு, இந்தக் கூட்டங்களில் பாதிக்கும் குறைவானவற்றுக்கே பாதிக்கப்பட்டவர்கள் வந்ததாகச் சொன்னது. இதை மட்டும் கேட்டால், பாவம், அவர்களுக்குப் பார்க்கப் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்றுதான் நினைப்போம். ஆனால் சந்திக்க விருப்பமில்லை என்று சொன்னவர்கள் 6 சதவீதம்தான். மற்றவர்களில் பலருக்கு அழைப்பே வரவில்லை. சிலருக்குக் கடைசி நேரத்தில் தகவல் வந்தது, சிலருக்கு வேலை நேரத்தில் கூட்டம் வைத்தார்கள். வந்தவர்களில் கிட்டத்தட்டக் கால்வாசிப் பேர் முன்பைவிட மோசமாக உணர்ந்தபடி வீடு திரும்பினார்கள். அவன் வருந்தினான் என்று நம்ப முடியவில்லை, தன் தரப்பைச் சரியாகச் சொல்ல முடியவில்லை, துணைக்கு ஆள் இல்லை என்பவையெல்லாம் அவர்கள் சொன்ன காரணங்கள். வந்தவர்களில் பெரும்பாலோர் நல்லது என்றும்தான் சொன்னார்கள், அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் நாலில் ஒருவருக்கு நோயைக் கூட்டும் மருந்தை மருத்துவமனையில் யோசிக்காமல் கொடுப்பார்களா?

இதற்கு ஒருங்கிணைப்பாளர்களின் அலட்சியத்தைக் குறை சொல்வது சுலபம். எனக்கு அதைவிட அடிப்படையான ஒரு சிக்கல் தெரிகிறது. அதே நியூசிலாந்துச் சட்டம், குழந்தையின் காலவுணர்வுக்குப் பொருந்தும் வேகத்தில் முடிவுகள் எடுக்கப்பட வேண்டும் என்று தொடக்கத்தில் ஒரு கொள்கையாகவே சொன்னது. மிகச் சரியான கொள்கை. பதினாலு வயதுப் பையனுக்கு ஆறு மாதம் என்பது ஒரு யுகம். செய்ததற்கும் அதன் விளைவுக்கும் நடுவே அவ்வளவு இடைவெளி விட்டால் இரண்டையும் அவன் சேர்த்தே பார்க்க மாட்டான். அதனால் எல்லாம் சில வாரங்களில் முடிய வேண்டும். ஆனால் அடிபட்டவரின் கடிகாரம் வேறு. இரண்டாவது வாரத்தில் போன் செய்து, அவனைச் சந்திக்கிறீர்களா என்று கேட்டால் நிறையப் பேர் போனை வைத்துவிடுவார்கள். அப்போது அவர்களுக்குத் தூக்கமே திரும்பியிருக்காது. கேள்விகள் உருத்திரண்டு வருவது பின்னால்தான், சிலருக்கு ஒரு வருடம் கழித்து. அதற்குள் ஃபைல் மூடப்பட்டு, பாதிக்கப்பட்டவர் மறுத்துவிட்டார் என்று ஒரு பெட்டியில் டிக் அடிக்கப்பட்டிருக்கும். அந்த டிக் நிரந்தரம்.

இரண்டு கடிகாரங்களையும் ஒன்றாக்க முடியாது என்றுதான் நினைக்கிறேன், ஒன்றாக்கத் தேவையும் இல்லை. பையன் விஷயத்தை வேகமாக முடிக்கட்டும். நஷ்டஈடு, சமூகப் பணி, பள்ளிக்குத் திரும்புவது எல்லாம் சீக்கிரமே நடக்கட்டும். ஆனால் பாதிக்கப்பட்டவருக்கான கதவு அதோடு சேர்ந்து மூடக்கூடாது. பெல்ஜியம் 2005-இல் போட்ட சட்டம், வழக்கின் எந்தக் கட்டத்திலும், தண்டனைக்குப் பிறகும்கூட, இப்படிப்பட்ட சமரசப் பேச்சைக் கேட்டுப் பெறலாம் என்கிறது. சிறாருக்கு இதை அப்படியே பொருத்துவதில் ஒரு நியாயமான எதிர்ப்பு இருக்கிறது. வேலை, காதல் என்று இருபது வயதில் ஒரு வாழ்க்கையைக் கட்டிக்கொண்டிருப்பவனை, பழைய திருட்டைப் பற்றிப் பேச வா என்று கூப்பிடுவது அவனுக்குக் கொடுத்த புதுத் தொடக்கத்தைப் பறிப்பதாகாதா? ஆகலாம். அதனால் அவனுக்கும் மறுக்கும் உரிமை வேண்டும். நேரில் வர முடியாவிட்டால் கேள்விகளுக்கு எழுத்தில் பதில் தரட்டும், அதில் அவன் பெயர்கூட இருக்க வேண்டாம். மூன்று வரிப் பதில் போதும். அதில் சாரி இருந்தால் இருக்கட்டும், இல்லாவிட்டால் கேட்டு வாங்க வேண்டாம்.

இதற்கெல்லாம் பெரிய சட்டத் திருத்தம் வேண்டும் என்றும் எனக்குத் தோன்றவில்லை. மறுத்தவரிடம் ஒரு வருடம் கழித்து இன்னொரு தடவை கேட்க வேண்டும், சந்திப்புக்கு வந்தவரிடம் பையன் ஒத்துக்கொண்டதைச் செய்து முடித்தானா என்று போன் செய்து சொல்ல வேண்டும். இரண்டும் பத்து நிமிட வேலைகள். ஆனால் ஒருங்கிணைப்பாளரின் வேலையை, அவர் மாதத்துக்கு எத்தனை ஃபைல் மூடினார் என்று எண்ணிப் பார்க்கும் அலுவலகத்தில், மூடிய ஃபைலிலிருந்து நம்பரை எடுத்து யார் போன் செய்வார்கள்?